சத்தத்தை விடுங்கள், விரலைக் கேளுங்கள்: மெக்கானிக்கல் கீபோர்டுக்கு ஸ்விட்ச் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சொந்தமாக ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு கட்ட உட்காரும்போது பெட்டி, நிறம், விசையின் மேல்மூடியான கீகேப் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்துவிடலாம். ஸ்விட்சை அப்படி முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு விசையின் அழுத்தலையும் எழுத்தாக்கும் அது கீகேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். ஆனால் நாள் முழுக்க விரலோடு பேசிக்கொண்டிருப்பது அதுதான். ஸ்விட்ச் கைக்கு ஒத்துவராவிட்டால் எவ்வளவு அழகான கீபோர்டும் சில வாரங்களில் அலமாரிக்குப் போய்விடும்.

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் காணொளிகளைப் போட்டுக் கேட்டு, பிடித்த சத்தத்தை வைத்து ஸ்விட்ச் வாங்குகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. முதலில் உங்கள் பலகையில் பொருந்துமா என்று பாருங்கள். அடுத்து வகை, அதற்கடுத்து எடை (அழுத்த எவ்வளவு பலம் வேண்டும்), பிறகு தூரம் (எவ்வளவு கீழே போகும்). சத்தத்துக்குக் கடைசி இடம். காரணம் எளிது. சத்தத்தை, ஸ்விட்சுகளைப் பிடித்து நிறுத்தும் பிளேட் என்ற தகடு, பெட்டி, கீகேப், மேசை எல்லாம் சேர்ந்துதான் உண்டாக்குகின்றன, பின்னால் எதை வேண்டுமானாலும் மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். எடை ஒத்துவராவிட்டால் ஒவ்வொரு ஸ்விட்சாகப் பிரித்து ஸ்பிரிங்கை மாற்றுவதையோ ஸ்விட்சுகளையே மாற்றுவதையோ தவிர வழியில்லை.

தொடங்கும் முன்: ஸ்விட்சுக்குள் என்ன நடக்கிறது

கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஸ்விட்சுகள் ஒரே வடிவத்தின் பிள்ளைகள். செர்ரி என்ற ஜெர்மன் நிறுவனம் 1980-களின் முற்பாதியில் கொண்டுவந்த எம்எக்ஸ் வடிவம் அது. காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், அவுட்டெமு என்று பல நிறுவனங்கள் அதே அளவில் செய்யத் தொடங்கி, இன்று எண்ணி முடியாத அளவுக்குப் பெருகிவிட்டன. பெயரும் நிறமும் எத்தனை இருந்தாலும் உள்ளே இருப்பவை அதே ஐந்து உறுப்புகள்தான்: கூடாக இருக்கும் மேல் ஹவுசிங், கீழ் ஹவுசிங், கீகேப் மாட்டும் ஸ்டெம், ஸ்பிரிங், மின்சாரத்தை இணைக்கும் உலோகத் தகடு.

ஸ்டெம்மின் ஒரு பக்கத்தில் இரண்டு சின்னக் கால்கள் இருக்கும். ஸ்விட்ச் ஓய்வில் இருக்கும்போது இந்தக் கால்கள் உலோகத் தகட்டைத் தள்ளி விலக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அழுத்த அழுத்தக் கால்களின் சரிவு தகட்டை மெல்ல விடுவிக்கும். தகடு தானாக முன்னே வந்து எதிரில் இருக்கும் தகட்டைத் தொடும். அந்தக் கணத்தில்தான் எழுத்து பதிவாகிறது. பழைய எம்எக்ஸ் அளவில் ஸ்டெம் மொத்தம் 4 மி.மீ. கீழே போகும், எழுத்து 2 மி.மீ. அளவிலேயே பதிவாகிவிடும். மீதி 2 மி.மீ. விரல் தன் வேகத்தில் போகும் தூரம்.

இந்தக் கால்களின் வடிவத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் வகைகளைப் பிரிப்பதே அதுதான்.

படி 1: உங்கள் பலகை எதை ஏற்கும் என்று பாருங்கள்

பணம் கொடுக்கும் முன் முடிக்க வேண்டிய வேலை இது. கீபோர்டு விவரக்குறிப்பில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, அது எந்த இனம். பிசிபி, அதாவது ஸ்விட்சுகள் பொருந்தும் மின்சுற்றுப் பலகை, எம்எக்ஸ் வகை என்றால் எம்எக்ஸ் வகை ஸ்விட்சுகள் பொருந்தும். காந்த ஸ்விட்ச், அதாவது ஹால் எஃபெக்ட், வேறு இனம். அதில் ஒன்றையொன்று தொடும் தகடு இல்லை. ஸ்டெம்மில் ஒரு காந்தமும் பிசிபியில் அதை உணரும் சென்சாரும் இருக்கும். பார்ப்பதற்கு எம்எக்ஸ் போலவே இருந்தாலும் சாதாரண பிசிபியில் போட்டால் எழுத்து விழாது. காந்தப் பலகைகளிலும் எல்லாக் காந்த ஸ்விட்சும் வேலை செய்துவிடாது. காந்தத்தின் திசையும் வலுவும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் பலகை செய்தவர் தரும் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும். டோப்ரே, ஆல்ப்ஸ், உயரம் குறைந்த தட்டையான கைல் சாக் ஆகியவை ஒவ்வொன்றும் தனித்தனி இனம்.

இரண்டு, ஹாட்-ஸ்வாப்பா, சால்டர் செய்வதா, அதாவது உலோகம் உருக்கிப் பற்றவைப்பதா. ஹாட்-ஸ்வாப் என்றால் பிசிபியின் பின்புறம் சிறு சாக்கெட்டுகள் இருக்கும், ஸ்விட்சைக் கையால் அழுத்திப் பொருத்தலாம், பிடுங்கலாம். முதல் கீபோர்டு கட்டுகிறவருக்கு நான் தயங்காமல் சொல்வது ஹாட்-ஸ்வாப்தான். இந்த வழிகாட்டியின் பாதிக்கு மேற்பட்ட ஆலோசனைகள் "போட்டுப் பார்த்து மாற்றுங்கள்" என்பதை நம்பியே இருக்கின்றன. சால்டர் பலகை என்றால் அந்தச் சுதந்திரம் இல்லை.

மூன்று, பின் எண்ணிக்கை. எல்லா எம்எக்ஸ் ஸ்விட்சிலும் இரண்டு உலோகப் பின்களும் நடுவில் ஒரு தடித்த பிளாஸ்டிக் முளையும் உண்டு. இவை மட்டும் இருந்தால் 3-பின். பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு பிளாஸ்டிக் முளைகள் இருந்தால் 5-பின். 5-பின் பிசிபியில் இரண்டும் போகும். 3-பின் பிசிபியில் 5-பின் ஸ்விட்ச் போட வேண்டுமானால் அந்த இரண்டு பக்க முளைகளையும் நகவெட்டியால் ஒட்ட நறுக்கிவிட்டால் போதும். அதற்காகப் பிடித்த ஸ்விட்சை ஒதுக்க வேண்டாம்.

ஒளிவிளக்கு விஷயத்தையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். விளக்குத் துளை மேல்பக்கம், அதாவது திரையை நோக்கி இருக்கும் பலகைகளில், செர்ரி புரொஃபைல் என்ற வடிவக் கீகேப் போட்டால் சில வரிசைகளில் கீகேப்பின் உட்புறம் ஸ்விட்சின் மேல் ஹவுசிங்கில் இடிக்கலாம். அந்த வகைக் கீகேப் வேண்டுமென்று இருப்பவர்கள் விளக்குத் துளை தங்களை நோக்கி இருக்கும் பலகையை வாங்குவது நல்லது.

படி 2: இப்போது இருக்கும் கீபோர்டில் உங்கள் கையைக் கவனியுங்கள்

புதிய ஸ்விட்சைத் தேடும் முன் பழைய கீபோர்டில் பத்து நிமிடம் வழக்கம்போலத் தட்டச்சு செய்யுங்கள். கவனத்தை எழுத்தில் வைக்காமல் விரலில் வையுங்கள்.

ஒவ்வொரு அழுத்தலின் முடிவிலும் விசை அடியில் போய் இடிக்கிறதா? அப்படியானால் நீங்கள் அடிவரை தட்டுகிறவர். பெரும்பாலானோர் இந்த வகைதான், அதில் தவறு எதுவும் இல்லை. யோசிக்கும்போது விரல்களை விசைகள் மேல் சாய்த்து ஓய்வெடுக்க விடுகிறீர்களா? அப்படியானால் மிக இலேசான ஸ்விட்ச் உங்களுக்குத் தொல்லை கொடுக்கும், கேட்காமலே எழுத்து விழும். சாயங்காலத்தில் விரலோ முன்கையோ அசந்துபோகிறதா? இப்போதைய விசை உங்களுக்குக் கனமாக இருக்கலாம். அசதி வலியாகி நாள்கணக்கில் நீடித்தால் ஸ்விட்ச் மாற்றுவதை மட்டும் நம்பாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கையில் இருக்கும் கீபோர்டின் எடையை வீட்டிலேயே அளந்துவிடலாம். ஒரே மாதிரி நாணயங்களை எடைக்கருவியில் நிறுத்து, ஒரு நாணயம் எத்தனை கிராம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு எழுத்து விசையின் நடுவில் ஒவ்வொன்றாக அடுக்குங்கள். திரையில் எழுத்து விழும் கணத்தில் எத்தனை நாணயம் இருக்கிறதோ, அதன் மொத்த எடைதான் உங்கள் விரல் இன்றுவரை பழகியிருக்கும் அழுத்தம். துல்லியமான ஆய்வகக் கணக்கு இல்லை என்றாலும் கடையில் எழுதியிருக்கும் எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கென்று ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். இந்த எண்ணை எழுதி வையுங்கள், நான்காம் படியில் தேவைப்படும்.

படி 3: லீனியரா, டாக்டைலா, கிளிக்கியா

கால்களின் சரிவு நேராக இருந்தால் லீனியர். மேலிருந்து கீழ்வரை தடங்கல் இல்லாமல் ஒரே சீராக இறங்கும். செர்ரி ரெட், செர்ரி பிளாக், கேட்டரான் யெல்லோ ஆகியவை இந்த வகை.

சரிவின் நடுவில் ஒரு புடைப்பு இருந்தால் டாக்டைல். தகடு அந்தப் புடைப்பைத் தாண்டும்போது விரலில் ஒரு மேடு உணரப்படும். இறுக்கமான பேனா மூடியைக் கழற்றும்போது முதலில் எதிர்த்துப் பிறகு சட்டென்று விடுமே, ஏறத்தாழ அந்த உணர்வுதான். செர்ரி பிரவுனில் இந்த மேடு மிகச் சிறியது, சிலருக்கு இருப்பதே தெரியாது. ஹாலோ என்ற ஸ்விட்சின் ஸ்டெம்மை எடுத்து பாண்டா என்ற ஸ்விட்சின் ஹவுசிங்கில் போட்டுப் பிறந்த ஹோலி பாண்டாவில் மேடு பெரியது, உருண்டையானது. போபா யு4டி-யும் அந்தப் பக்கம்தான்.

கிளிக்கி என்பது மேட்டோடு ஒரு கூர்மையான ஒலியும் சேர்ந்தது. இதில் இரண்டு வழி உண்டு. செர்ரி புளூவில் ஸ்டெம் இரண்டு துண்டு. ஒன்று மற்றொன்றின் மேல் வழுக்கிக் கீழே அடிக்கும் ஒலி அது. கைல் பாக்ஸ் ஒயிட், பாக்ஸ் ஜேட் போன்றவற்றில் ஒரு மெல்லிய கம்பி சுண்டப்பட்டு ஒலிக்கும். கம்பி வகை இறங்கும்போதும் ஏறும்போதும் தெளிவாக ஒலிக்கும். ஒலியின் தரத்தில் கம்பி வகைக்கே என் வாக்கு. அறையில் இன்னொருவர் இருந்தால் கிளிக்கி வேண்டாம் என்பதோடு இந்த வகையைப் பற்றிய ஆலோசனை முடிந்துவிடுகிறது.

எது யாருக்கு? விளையாட்டுக்கு லீனியர், எழுத்துக்கு டாக்டைல் என்று ஒரு வாய்பாடு சுற்றிவருகிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாள் முழுக்க எழுதுகிறவர்களில் லீனியரை விட்டு நகராதவர்கள் ஏராளம். இதைவிடப் பயனுள்ள கேள்வி: எழுத்து பதிவானது என்று விரலுக்கு யாராவது சொல்ல வேண்டுமா? சொல்ல வேண்டும், சொன்னால் தட்டச்சில் ஒரு தாளம் வருகிறது என்பவர்களுக்கு டாக்டைல். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தடங்கல் எதற்கு, விரல் வழுக்கிக்கொண்டு போனால் போதும் என்பவர்களுக்கு லீனியர். இரண்டில் எது என்று தெரியாவிட்டால் நடுத்தர எடை லீனியரில் தொடங்குங்கள். லூப் போடுவதும், அதாவது வழவழப்புக்காக உள்ளே கிரீஸ் தடவுவதும், சரிசெய்வதும் அதில்தான் மிக எளிது.

டாக்டைல் எடுப்பவர்கள் மேடு எங்கே இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். சிலவற்றில் அழுத்தத் தொடங்கியதுமே மேடு வந்துவிடும். சிலவற்றில் முதலில் கொஞ்சம் வெறுமனே இறங்கி நடுவில் வரும். இது பெயர்ப்பட்டியலில் தெரியாது, அழுத்த வரைபடத்தில் தெரியும். கிடைமட்டக் கோட்டில் தூரமும் செங்குத்துக் கோட்டில் எடையும் இருக்கும் படம் அது. லீனியரில் கோடு சீராக மேலே ஏறும். டாக்டைலில் ஒரு குன்றும் ஒரு பள்ளமும் தெரியும். குன்று இடப்பக்கம் ஒட்டியிருந்தால் மேடு உடனே வரும். குன்றுக்கும் பள்ளத்துக்கும் இடையே உயர வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, மேடு அவ்வளவு அழுத்தமானது. ஸ்விட்ச் விற்கும் நல்ல நிறுவனங்கள் இந்தப் படத்தை வெளியிடுகின்றன. பத்து விமர்சனங்களைப் படிப்பதைவிட இந்த ஒரு படத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது மேல்.

படி 4: எடை

இங்கே நிதானமாக இருங்கள், மற்ற எல்லாப் படியையும்விட இதற்கு நேரம் கொடுங்கள்.

ஸ்விட்ச் அட்டையில் "45 கிராம்", "62 கிராம்" என்று ஓர் எண் இருக்கும். சிலர் கிராம் என்பார்கள், சிலர் சென்டிநியூட்டன் என்பார்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் இரண்டு சதவீதம்தான், ஒன்றாகவே எடுத்துக்கொள்ளலாம். உண்மையான குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது: அந்த எண் எந்தப் புள்ளியில் அளந்தது? எழுத்து பதிவாகும் இடத்திலா, அடியைத் தொடும் இடத்திலா? செர்ரி போன்ற பெரிய நிறுவனங்கள் பதிவாகும் புள்ளியைச் சொல்கின்றன. செர்ரி ரெட்டின் 45-உம் பிளாக்கின் 60-உம் அப்படிப்பட்ட எண்கள். ஆர்வலர்களுக்காகச் செய்யப்படும் ஸ்விட்சுகளிலும் தனியாக விற்கும் ஸ்பிரிங்குகளிலும் பெரும்பாலும் அடியைத் தொடும் எடைதான் எழுதியிருக்கும். அதனால் "62 கிராம் ஸ்பிரிங்" போட்ட ஒரு லீனியரும் "50 கிராம்" என்று எழுதியிருக்கும் இன்னொன்றும் கையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கலாம். எண்ணை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே புள்ளியில் அளந்தவையா என்று கட்டாயம் பாருங்கள்.

அடியைத் தொடும் எடையை வைத்து நான் பிரித்துக்கொள்ளும் அளவு இது. 55 கிராமுக்குக் கீழே இலேசு, 60 முதல் 67 வரை நடுத்தரம், 70-ஐத் தாண்டினால் கனம். இரண்டாம் படியில் நாணயம் அடுக்கி எழுதி வைத்தீர்களே, அந்த எண் பதிவாகும் புள்ளியின் எடை. லீனியரில் அதோடு பத்துப் பதினைந்து கிராம் கூட்டினால் அடியைத் தொடும் எடைக்கு ஓரளவு பக்கத்தில் வந்துவிடும். பழையது உங்களுக்கு வசதியாக இருந்தால் அதே அளவைச் சுற்றித் தேடுங்கள். அசதியாக இருந்தால் ஒரு படி இறங்குங்கள். தவறி எழுத்து விழுந்துகொண்டே இருந்தால் ஒரு படி ஏறுங்கள். ஒரேயடியாக இருபது கிராம் தாவ வேண்டாம், ஐந்து கிராம் மாற்றமே விரலுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரே எடை எழுதியிருக்கும் இரண்டு ஸ்விட்சுகள் ஏன் வேறுவேறாக இருக்கின்றன என்ற கேள்வி எல்லோருக்கும் ஒருநாள் வரும். பதில் ஸ்பிரிங்கின் நீளத்தில் இருக்கிறது. வழக்கமான ஸ்பிரிங் 15 மி.மீ. அளவு நீளம். ஸ்விட்சுக்குள் அது கொஞ்சமே அமுங்கி உட்கார்ந்திருக்கும். அதனால் தொடக்கத்தில் இலேசாகவும் இறங்க இறங்கக் கனமாகவும் இருக்கும். 20, 22 மி.மீ. நீள ஸ்பிரிங்கை அதே இடத்தில் திணித்தால் அது தொடக்கத்திலேயே நன்றாக அமுங்கியிருக்கும். முதல் தொடுகையிலேயே எதிர்ப்பு இருக்கும், பிறகு அடிவரை அவ்வளவாக ஏறாது. விசை மேலே திரும்பும்போதும் சுறுசுறுப்பாக வரும். விரலை விசைகள் மேல் சாய்த்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு நீள ஸ்பிரிங் பெரிய வரம். தவறான அழுத்தல் குறையும், அடியில் கனமும் ஏறாது. மெல்லத் தொட்டு எழுதுகிறவர்களுக்கு, அடிக்கு முன்பே விரலை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு, குட்டை ஸ்பிரிங்கின் ஏறுமுக எதிர்ப்பே உதவும்.

டாக்டைலில் இன்னொரு கணக்கு சேர்கிறது. அங்கே விரல் தாண்ட வேண்டியது குன்றின் உச்சியை. உச்சி எடைதான் உங்களுக்கு அசதி தருவது, அடி எடை அல்ல. குன்று மிக உயரமாக இருந்தால், அதைத் தாண்டப் போட்ட வேகத்தில் விரல் நிற்க முடியாமல் அடிவரை போய் இடிக்கும். பெரிய மேடு இருந்தால் அடிவரை தட்டாமல் எழுதலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரிய மேட்டோடு மெலிந்த ஸ்பிரிங்கும் கூடாது. தகட்டின் பிடியை மீறி ஸ்டெம்மை மேலே தள்ள ஸ்பிரிங்குக்குத் தெம்பு வேண்டும். இல்லாவிட்டால் விசை பாதியில் சிக்கி, மெதுவாக எழும். செர்ரி கிளியரின் கனமான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இலேசானதைப் போட்டு ஆர்வலர்கள் உருவாக்கிய எர்கோ கிளியரில் இந்தச் சிக்கல் நன்றாகத் தெரியும். எடையைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் விசை திரும்பி வரத் தயங்கும்.

எல்லா விசைக்கும் ஒரே எடைதான் வேண்டும் என்றும் சட்டமில்லை. சுண்டுவிரல் தொடும் ஓர விசைகளுக்கு ஐந்து கிராம் குறைத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஸ்பேஸுக்கு ஐந்து, பத்துக் கிராம் கூட்டுவதை நானும் பரிந்துரைப்பேன். கட்டைவிரல் வலுவானது, அதோடு, நீளமான கீகேப்பையும் அது சாயாமல் தாங்கும் ஸ்டெபிலைசரையும் சேர்த்துத் தூக்க வேண்டியிருப்பதால் இலேசான ஸ்பிரிங் அங்கே சோர்ந்துபோகும்.

படி 5: தூரம்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். வழக்கமான அளவு, பதிவாக 2 மி.மீ., மொத்தம் 4 மி.மீ. செர்ரி ஸ்பீட் சில்வர் போன்றவை 1.2 மி.மீ. அளவிலேயே பதிவாகும், மொத்தம் 3.4 மி.மீ. வேக விளையாட்டில் இது பிடிக்கலாம். நிறைய எழுதுகிறவர்களுக்கு எழுத்துப்பிழையைக் கூட்டும்.

லாங்-போல் என்று சொல்லப்படும் ஸ்விட்சுகளில் ஸ்டெம்மின் நடுத்தண்டு நீளமானது. அதனால் பயணம் 3.5 மி.மீ. சுற்றியே நின்றுவிடும், நடுத்தண்டு ஹவுசிங்கின் அடியில் இடித்துத் தெளிவான கூர்மையான ஒலி தரும். கேட்க இனிமையாக இருந்தாலும் அடி கெட்டியாக இருப்பதால் ஓங்கித் தட்டுகிறவர்களின் விரல்நுனி சாயங்காலம் அதைச் சொல்லிக்காட்டும். காந்த ஸ்விட்சில் பதிவாகும் புள்ளியை மென்பொருளில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்பதால் இந்தப் படியே தேவையில்லை.

படி 6: இப்போது சத்தம்

இதுவரை வந்த படிகளில் உங்கள் பட்டியல் நான்கைந்து பெயர்களாகச் சுருங்கியிருக்கும். அவற்றுக்குள் சத்தத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம்.

ஸ்விட்சின் குரலை முடிவு செய்வது பெரும்பாலும் ஹவுசிங்கின் பிளாஸ்டிக். நைலான் ஒலியை உறிஞ்சி, தாழ்ந்த கனத்த குரல் தரும். பாலிகார்பனேட் கெட்டியானது, உச்சமான துல்லியமான குரல். மேலே பாலிகார்பனேட்டும் கீழே நைலானும் வைத்த கலப்பு நிறையக் கிடைக்கும், அதில் இரண்டின் சாயலும் வரும். ஸ்டெம்கள் பெரும்பாலும் பிஓஎம் என்ற பிளாஸ்டிக். அது இயல்பிலேயே வழுக்கும் தன்மை உடையது. ஹவுசிங்கும் ஸ்டெம்மும் முழுக்க பிஓஎம்மில் செய்த நாவல்கீஸ் கிரீம் தொடக்கத்தில் சொரசொரவென்று இருந்து, பயன்படுத்தப் பயன்படுத்த மெருகேறுவதற்குப் பெயர்போனது.

அமைதி வேண்டும் என்றால் சைலன்ட் வகைகள் இருக்கின்றன. ஸ்டெம்மில் ரப்பர் போன்ற மெத்தைத் துண்டுகளை வைத்து, அடியில் இடிக்கும் ஒலியையும் மேலே திரும்பி இடிக்கும் ஒலியையும் அடக்குகிறார்கள். செர்ரி சைலன்ட் ரெட் லீனியரிலும் போபா யு4 டாக்டைலிலும் இந்த வகை. அடியில் ஒரு பொதபொதப்பு இருக்கும். அது பிடிக்காதவர்களுக்குப் பிடிக்கவே பிடிக்காது, கட்டாயம் முன்கூட்டித் தொட்டுப் பாருங்கள்.

காணொளியைக் கேட்கும்போது அந்தப் பலகையின் பிளேட் என்ன, கீகேப் என்ன, பெட்டிக்குள் ஃபோம் இருக்கிறதா, மைக் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று விளக்கத்தில் தேடுங்கள். பித்தளை, அலுமினியம் பிளேட்டில் கூர்மையாக ஒலிக்கும் அதே ஸ்விட்ச், பாலிகார்பனேட் பிளேட்டில் மெத்தென்று ஒலிக்கும். தடித்த பிபிடி பிளாஸ்டிக் கீகேப்பும் மெல்லிய ஏபிஎஸ் பிளாஸ்டிக் கீகேப்பும் அதே ஸ்விட்சுக்கு இரண்டு குரல் கொடுக்கும். ஒரே ஆள், ஒரே பலகையில், ஒரே மைக்கில் பல ஸ்விட்சுகளை வரிசையாகத் தட்டிக் காட்டும் ஒப்பீடுகளை மட்டும் நம்புங்கள். அதில்கூட எது தாழ்ந்தது, எது உயர்ந்தது என்ற வரிசைதான் கிடைக்கும். உங்கள் மேசையில் எப்படி ஒலிக்கும் என்பது கிடைக்காது.

பெரிய விசைகள் கடகடவென்று ஆடினால் ஸ்விட்சைக் குறை சொல்லாதீர்கள். ஸ்பேஸ், எண்டர், ஷிஃப்ட், பேக்ஸ்பேஸ் ஆகியவற்றின் ஸ்டெபிலைசர்கள்தான் அதற்குக் காரணம். கம்பியிலும் கம்பி செருகும் துளையிலும் கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

படி 7: முழுதாக வாங்கும் முன் பத்து மட்டும்

ஸ்விட்ச் டெஸ்டர் என்று ஒரு சின்னப் பலகையில் பலவகை ஸ்விட்சுகளைச் செருகி விற்பார்கள். வேண்டாததைக் கழிக்க அது நல்லது. ஆனால் ஒற்றை ஸ்விட்சை ஒற்றை விரலால் கவனித்து அழுத்தும்போது எல்லாமே இருப்பதைவிட இலேசாகத் தெரியும், மேடும் பெரிதாகத் தெரியும். தொடர்ந்து எழுதும்போது கை வேறு தீர்ப்பு சொல்லும்.

அதனால் பட்டியலில் மிஞ்சிய இரண்டு மூன்று ஸ்விட்சுகளில் பத்துப் பத்தாக வாங்குங்கள். பத்து என்பது நல்ல எண்ணிக்கை: எட்டு விரல்களும் ஓய்வாக இருக்கும் நடுவரிசை விசைகள் எட்டு, ஸ்பேஸ் ஒன்று, எண்டர் ஒன்று. ஹாட்-ஸ்வாப் பலகையில் இந்த இடங்களில் மட்டும் மாற்றிப் போட்டு, ஒரு வாரமாவது உங்கள் அன்றாட வேலையைச் செய்யுங்கள். முதல் நாள் அபிப்பிராயத்தை எழுதி வையுங்கள், ஆனால் நம்பாதீர்கள். புதியது எதுவானாலும் முதல் நாள் ஒன்று மயக்கும், இல்லை உறுத்தும். மூன்றாம் நாளுக்குப் பிறகு நீங்கள் ஸ்விட்சை மறந்து வேலையைக் கவனித்தீர்களா என்பதே கேள்வி. மறந்துபோனீர்கள் என்றால் அது உங்களுக்கான ஸ்விட்ச்.

படி 8: லூப் போடுவதா வேண்டாமா

இன்று வரும் பல ஸ்விட்சுகள் ஆலையிலேயே லூப் போட்டு வருகின்றன. முதல் கீபோர்டுக்கு அப்படிப்பட்டதை வாங்கி அப்படியே பயன்படுத்துவதில் எந்தக் குறையும் இல்லை. மெல்ல அழுத்தும்போது மணலில் உரசுவது போல இருந்தாலோ, ஸ்பிரிங் ரீங்காரமிட்டாலோ, கையால் லூப் போடலாம்.

லீனியருக்குப் பெரும்பாலோர் எடுப்பது கிரைடாக்ஸ் 205ஜி0 என்ற கெட்டியான கிரீஸ். டாக்டைலுக்கு இதைவிட மெலிந்த டிரைபோசிஸ் 3203 அல்லது 3204. ஸ்பிரிங்குக்கு கிரைடாக்ஸ் 105 என்ற எண்ணெய். ஸ்விட்சைத் திறக்கும் கருவியால் மேல் ஹவுசிங்கைக் கழற்றி, சிறு தூரிகையில் கிரீஸைத் தொட்டு, கீழ் ஹவுசிங்கில் ஸ்டெம் வழுக்கும் தடங்களிலும் ஸ்டெம்மின் பக்கங்களிலும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். வெள்ளையாகத் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதிகம். அதிகமானால் விசை சேற்றில் இறங்குவது போல மந்தமாகிவிடும். ஸ்பிரிங்குகளை மொத்தமாக ஒரு பையில் போட்டு, சில சொட்டு எண்ணெய் விட்டு, பையை ஊதிக் கட்டிக் குலுக்கினால் அந்த வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

டாக்டைலில் ஸ்டெம்மின் கால்களை மட்டும் தொடாதீர்கள். மேடு பிறப்பது அங்கேதான், கிரீஸ் பட்டால் மேடு மழுங்கும். கிளிக்கி ஸ்விட்சுக்கு ஸ்பிரிங் எண்ணெய் தவிர வேறு எதுவும் வேண்டாம். உலோகத் தகடுகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் எந்த வகையிலும் கிரீஸ் படக்கூடாது.

ஃபிலிம் என்பது மேல், கீழ் ஹவுசிங்குகளுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தாள். மூடிய ஸ்விட்சை இரண்டு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். மேல் பாதி ஆடினால் ஃபிலிம் பயன்படும். ஆடாவிட்டால் வாங்க வேண்டாம், இறுக்கமான ஹவுசிங்கில் அதை வைத்தால் மூடி சரியாகப் பூட்டாது.

படி 9: எண்ணிக்கையும் பொருத்துவதும்

60 சதவீதம் என்று சொல்லப்படும் சின்னப் பலகைக்கு வழக்கமாக 61 ஸ்விட்ச், 65 சதவீதத்துக்கு 67 அல்லது 68, வலப்பக்க எண் பகுதி இல்லாத டிகேஎல்லுக்கு 87, முழு அளவுக்கு 104. உங்கள் பலகையின் அமைப்பைப் பொறுத்து ஒன்றிரண்டு மாறும் என்பதால் விசைகளை எண்ணிப் பார்த்தே வாங்குங்கள். அதோடு ஐந்தாறு கூடுதலாக எடுங்கள். ஒரே பெயரில் வரும் ஸ்விட்சும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி லேசாக மாறும். ஒரு வருடம் கழித்து ஒற்றை ஸ்விட்சைத் தேடி வாங்கினால் அது பக்கத்தில் இருப்பதோடு ஒட்டாமல் தனியாகத் தெரியலாம்.

பொருத்தும் முன் ஒவ்வொரு ஸ்விட்சையும் திருப்பி இரண்டு உலோகப் பின்களும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். வளைந்திருந்தால் சிறு இடுக்கியால் நிமிர்த்துங்கள். "ஒரு விசை வேலை செய்யவில்லை" என்ற புகார்களில் பெரும்பாலானவை வளைந்த பின் செய்யும் வேலை. பின் துளைக்குள் போகாமல் மடங்கி பிசிபியோடு ஒட்டிப் படுத்திருக்கும். ஸ்விட்சை நேர்செங்குத்தாக அழுத்துங்கள், சாய்த்து அழுத்தாதீர்கள். முடிந்தால் பெட்டியில் ஏற்றும் முன்பே, பிசிபியின் பின்புறம் அந்தச் சாக்கெட்டுக்கு நேராக ஒரு விரலைத் தாங்கலாக வைத்து அழுத்துங்கள். தாங்கல் இல்லாமல் ஓங்கி அழுத்தினால் சாக்கெட் பிசிபியிலிருந்து பெயர்ந்து வரும் ஆபத்து உண்டு. முதலில் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஸ்விட்ச் போட்டுவிட்டால் பிளேட்டும் பிசிபியும் நகராமல் நிற்கும், மற்றவை எளிதாக உட்காரும்.

கீகேப் மாட்டும் முன் பலகையைக் கணினியில் இணைத்து, விசைச் சோதனைப் பக்கம் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு ஸ்விட்சாக அழுத்திப் பாருங்கள். எழுத்தே விழாவிட்டால் ஸ்விட்சைப் பிடுங்கிப் பின்னைப் பாருங்கள். ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழுந்தால் அந்த ஸ்விட்சை வேறு ஓர் இடத்துக்கு மாற்றிப் போடுங்கள். கோளாறு ஸ்விட்சோடு கூடவே போனால் ஸ்விட்சைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கூடுதலாக வாங்கியதில் ஒன்றை எடுங்கள். பழைய இடத்திலேயே தங்கினால் சாக்கெட்டிலோ பிசிபியிலோ கோளாறு, விற்றவரிடம் பேச வேண்டியது அது.